செட்டிநாட்டுத் தாய்வீட்டில் முதல் மூன்று மாதம்

கேட்டிருப்பது இது: பெங்களூரில் வேலை. தலைப்பிரசவத்துக்குக் கானாடுகாத்தான் பக்கம் உள்ள தாய்வீட்டுக்கு வந்த பெண். சிசேரியன். பிள்ளைக்குப் பன்னிரண்டு நாள். வீட்டில் ஆத்தாவும், எண்பதை நெருங்கும் அப்பத்தாவும் மட்டும். "அப்பத்தா ஒன்று சொல்கிறார், டாக்டர் வேறு சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது? இந்த நாட்களெல்லாம் எப்படித்தான் ஓடும்?"

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக 29 வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். உன் வயதில் எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே தாயி.

முதலில் உன் அப்பத்தாவுக்காக ஒரு வார்த்தை. அவர் சொல்லும் பத்தியமும் நாற்பது நாள் கணக்கும் ஒரு காலத்தில் நன்றாகவே நடந்தன. காரணம் மருந்து மட்டுமில்லை, ஆள். வளவை, அதாவது வீட்டின் உள்முற்றத்தை, சுற்றிக் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, இரண்டாங்கட்டில் எந்நேரமும் எரியும் அடுப்பு. பெரியாத்தா ஒருவர் வெந்நீர் போட, இன்னொருவர் துணி அலச, மூன்றாமவர் பிள்ளையை மடியில் வாங்கிக்கொள்ள, பெற்றவள் படுத்தே கிடந்தாள். இப்போது பங்காளிகள் எல்லாம் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். வீடு அதே வீடுதான், ஆள் மூன்றே பேர். முப்பது பேர் சேர்ந்து செய்த சாங்கியத்தை மூன்று பேர் குறைவில்லாமல் செய்யப் போனால் வேலை முழுக்க உன் ஆத்தா தலையில் விழும். அவர் படுத்துவிட்டால் உன் தலையில்.

அதனால் யார் பேச்சு என்று பார்க்காதே. எதைச் செய்யச் சொன்னாலும் இரண்டு கேள்வி கேள். இது பிள்ளையின் வாய், மூக்கு, கண், காது, தொப்புள் பக்கம் போகிறதா? போனால் வேண்டாம், சொன்னது யாராக இருந்தாலும் சரி, டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து தவிர. இதனால் எனக்கு ஒரு மணி நேரத் தூக்கம் கிடைக்குமா? கிடைத்தால் உடனே சரி என்று சொல். இரண்டிலும் சேராதவற்றை அப்பத்தா மனசுக்காகச் செய்துகொள்ளலாம். சாயங்காலம் உப்பு மிளகாய் சுற்றிப் போடுவதால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, புகை மட்டும் பிள்ளை பக்கம் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அறை விஷயத்தை யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். பச்சை உடம்புக்காரிக்குக் காற்று படக்கூடாது என்று வளவு அறையில் போடுவார்கள். சாமான் வைக்கக் கட்டின அறை அது, பல வீட்டில் சன்னல் இருக்காது. கழிப்பறையோ பின்கட்டில். ராத்திரி இரண்டு மணிக்கு, தையல் இழுக்க, முழங்கால் உயர நிலைப்படியைத் தாண்டி முற்றத்தைச் சுற்றிப் போக வேண்டும். ஆத்தங்குடித் தரைக்கல் பார்க்க அழகு, காலில் எண்ணெயும் ஈரமும் இருந்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும். பிள்ளையோடு விழுந்த பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். கழிப்பறைக்குப் பக்கத்தில், சன்னல் உள்ள இடமாகப் பார்த்துக் கட்டிலைப் போடச் சொல். போகிற வழியில் சாக்கு மிதியடி, சின்ன விளக்கு. அழகு பார்க்கிற நேரமில்லை இது.

இனி குளியல். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லதும் கெட்டதும் ஒரே பலகையில் நடக்கிற இடம் அதுதான். பிள்ளையைக் குளிப்பாட்டுவதற்கென்றே ஊரில் ஒரு அம்மா இருப்பார், உங்கள் ஊரிலும் இருப்பார். பலகையில் உட்கார்ந்து காலை நீட்டி, சேலையை முழங்காலுக்கு மேலே ஒதுக்கி, பிள்ளையைக் கணுக்கால் மேல் குப்புறப் போட்டு, தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து முதுகில் இறக்குவார். வெந்நீரைத் தன் முழங்கை மடிப்பில் விட்டுப் பார்த்துத்தான் பிள்ளை மேல் ஊற்றுவார். அந்தக் கைக்கு ஒரு பக்குவம் உண்டு. அழுகிற பிள்ளை அந்தக் காலில் அடங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். மெதுவாகத் தேய்ப்பது பிள்ளைக்கும் சுகம், அதன் பிறகு வரும் இரண்டு மணி நேரத் தூக்கம் உனக்கும் சுகம். வைத்துக்கொள். தொப்புள் விழுந்து காயும்வரை மட்டும் ஈரத்துணியால் துடைத்தால் போதும், அதன் மேல் சாம்பல், மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம்.

அதே பலகையில்தான் மூக்கை இழுத்து நீவுவது, மண்டையை அமுக்கி உருண்டையாக்குவது, பெண் பிள்ளை என்றால் மார்பைப் பிதுக்குவது எல்லாமும் நடக்கும். பிறந்த பிள்ளைக்கு, ஆணோ பெண்ணோ, மார்பு கொஞ்சம் தடித்து ஒரு சொட்டுப் பால்கூட வரலாம். தாயின் ஹார்மோன் அது, தானே வற்றிவிடும். பிதுக்கினால் சீழ் பிடிக்கும். மூக்கும் மண்டையும் அமுக்குவதால் மாறாது. கடைசியில் வருவதுதான் எனக்கு ஆகாது: கண்ணிலும் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டு, வாயால் ஊதிச் சளி எடுப்பது.

நான் பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்த பிறகுதான் என் தலைச்சன் பிறந்தான். பிறருக்கு வீடு வீடாகச் சொன்னதை என் வீட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருபதாம் நாள் என் அம்மாவே மூக்கில் நல்லெண்ணெய் விட்டு ஊதினாள். புரையேறி நீலம் பாரித்தது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அது தண்ணீர் மாதிரி வற்றாது, அங்கேயே தங்கி நிமோனியாவாகிவிடும். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். பிழைத்தான். அவனுக்கே இப்போது பிள்ளை இருக்கிறது. என் அம்மா சாகும்வரை அந்த எண்ணெய்க் கிண்ணத்தைக் கையால் தொடவில்லை. குளிப்பாட்டும் அம்மாவிடம் இதை முதல் நாளே, பலகையில் உட்காருமுன் சொல்லிவிடு. பிள்ளை காலில் இருக்கும்போது சொன்னால் வருத்தப்படுவார், கையும் நிற்காது.

குளித்ததும் சாம்பிராணி. உன் தலைமுடி காயட்டும், பிள்ளையை அந்தப் புகையில் காட்டாதே. கண்ணுக்கு மை வேண்டாம். திருஷ்டிப் பொட்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் உள்ளங்காலில் வைக்கலாம். கன்னத்தில் வைத்தால் கை வழியாக வாய்க்குப் போகும்.

வாய் என்றதும் நினைவுக்கு வருவது சேனை. பிறந்ததும் பெரியவர் ஒருவர் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைப்பது. உனக்கு அது முடிந்து போயிருக்கும், ஆனாலும் இனிமேல் ஒரு வயது வரை தேன் நாக்கில் படக்கூடாது. தேனில் இருக்கும் ஒருவகைக் கிருமி பெரியவர்களை ஒன்றும் செய்யாது, பச்சைப் பிள்ளையின் குடலில் வளர்ந்து நரம்பைத் தளரவைக்கும். அடுத்தது உரை மருந்து. வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், சுக்கு என்று கல்லில் உரசி வாரம் ஒருமுறை புகட்டுவது. வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பெயர் இருப்பதால் அப்பத்தாவோடு வாதாடி ஜெயிக்க முடியாது. நான் ஒரு வழி வைத்திருந்தேன். "ஆச்சி, எத்தனை உரசு உரசினால் எத்தனை சொட்டு மருந்து? போன தலைமுறையில் அதே கல், அதே கை. இப்போது கடையில் வாங்கின வசம்பு எத்தனை நாள் பழசு, பூஞ்சை பிடித்ததா தெரியுமா?" என்று கேட்பேன். அளவு தெரியாத மருந்து என்பது அவர்களுக்கே உறைக்கும். பலர் கல்லை எடுத்து வைத்துவிட்டார்கள், சிலர் நான் போன பிறகு உரசியிருப்பார்கள். வசம்பு வளையலும் அப்படித்தான். கையில் போட்டாலும் கடைசியில் பிள்ளை அதைச் சப்பத்தான் போகிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். தண்ணீர்கூட வேண்டாம், இந்தச் சித்திரை வெயிலிலும் வேண்டாம், பாலிலேயே போதுமான தண்ணீர் இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்த வைட்டமின் டி சொட்டு போன்ற மருந்து மட்டும் இதற்கு விதிவிலக்கு.

பால் போதுமா என்பதுதான் உன் ராத்திரிகளைத் தின்னப் போகும் கேள்வி. சிசேரியன் ஆனவளுக்குப் பால் இறங்க ஒரு நாள் தாமதமாகலாம், அதற்குள் வீட்டில் பவுடர் டப்பா வந்துவிடும். டப்பா வந்தால் பிள்ளை மார்பில் சப்புவது குறையும், சப்புவது குறைந்தால் பால் குறையும், 'பார்த்தாயா, இவளுக்குப் பாலில்லை' என்று பேச்சாகிவிடும். பிள்ளை அழுவதை வைத்தோ மார்பு தளர்ந்திருப்பதை வைத்தோ பாலை அளக்காதே. ஈரத்துணியை எண்ணு. ஒரு நாளைக்கு ஆறு, அதற்கு மேல் என்றால் பால் போகிறது. பிறந்ததும் எடை கொஞ்சம் இறங்கும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். உனக்குப் பன்னிரண்டு நாள் ஆகிறது, இந்த வாரமே ஒருமுறை நிறுத்துப் பார். திரும்பியிருந்தால் அந்தச் சீட்டை அப்பத்தாவிடம் காட்டு. நகரத்தார் வீட்டில் கணக்குக்கு இருக்கும் மரியாதை வேறு எதற்கும் கிடையாது.

நாள் ஒன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை கொடுப்பாய், ஒவ்வொன்றும் இருபது நிமிடம், அரை மணி. அப்புறம் தோளில் போட்டு ஏப்பம், துணி மாற்றம். கூட்டிப் பார், எட்டு மணி நேர வேலை இது. அதாவது உன் ஆபீஸ் வேலையில் ஒரு முழு ஷிப்ட். "சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல். தையல் வலிக்கும் என்றால் பிள்ளையை வயிற்றின் மேல் போடாமல், கக்கத்தில் இடுக்கின மாதிரி பக்கவாட்டில் வைத்துக்கொள், பிள்ளையின் கால் உன் முதுகுப் பக்கம் போகும். காம்பு மட்டும் வாயில் இருந்தால் வெடிக்கும், கறுத்த பாகமும் சேர்ந்து போக வேண்டும். ஒருபக்க மார்பு சிவந்து கல்லாகி, குளிர்க்காய்ச்சல் வந்தால் பால் கொடுப்பதை நிறுத்தாமல் அன்றே டாக்டரைப் பார். சங்கில் ஊற்றிப் புகட்டும் பழக்கம் இருந்தால் ஒன்று: அழுகிற வாயில் ஊற்றவே கூடாது.

சாப்பாட்டில் அப்பத்தா கட்சிதான் நான், பாதி. பூண்டுக் குழம்பு, மிளகுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, முருங்கைக்கீரை, உளுந்தங்களி, கருப்பட்டி போட்ட சுக்குக் காபி எல்லாம் சாப்பிடு. பூண்டாலேயே பால் ஊறுகிறதா என்று என்னைக் கேட்டால், பிள்ளை சப்புவதால் ஊறுகிறது என்பேன். ஆனால் வாய்க்கு ருசியாக யாரோ பக்குவம் பார்த்துச் சமைத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைப்பது இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது. மறு பாதியில்தான் சண்டை. தண்ணீர் குடித்தால் வயிறு போடும், பழம் சாப்பிட்டால் பிள்ளைக்குச் சளி, ஒருவேளைதான் சோறு என்பதெல்லாம் வேண்டாம். பால் கொடுக்கும் முதல் ஆறு மாதத்தில் தினம் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும், அது ஒரு முழு நேரச் சாப்பாடு. தண்ணீர் குடிக்காமல் மலச்சிக்கலும் மூத்திரக் கடுப்புமாக வந்த பெண்களை எண்ணி முடியாது, சிசேரியன் தையலோடு முக்குவது எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதம் விடாதே. மாத்திரையோடு டீ காபி வேண்டாம்.

பகலில் தூங்கி ராத்திரி விழிக்கும் பிள்ளை என்று குறை சொல்கிறார்கள். எல்லாப் பிள்ளையும் அப்படித்தான், இரவு பகல் பழக இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். ஏணை, அதாவது சேலைத் தூளி, கட்டுவது பற்றி: ஏணைக்குள் பிஞ்சுப் பிள்ளையின் தலை குனிந்து தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சு அடைபடும். நீ கண் வைத்திருக்கும்போது ஆட்டித் தூங்க வை, தூங்கினதும் எடுத்துச் சமமான, அழுத்தமான படுக்கையில் மல்லாக்கப் போடு. கடுகுத் தலையணை வேண்டாம். தாத்தா காலத்துத் தேக்குத் தொட்டில் மச்சிலிருந்து இறங்கியிருந்தால் கம்பிகளுக்கு நடுவே தலை நுழையுமா, கொக்கி துருவா என்று பார்த்துவிட்டுப் போடு. தாலாட்டு மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் பாடச் சொல். உன் அப்பத்தாவுக்குத் தெரிந்த தாலாட்டில் மாமன் கொண்டுவந்த சீர் வரிசை முழுக்க வரும், போனில் பதிந்து வை.

ஐந்தாறு வாரத்தில் சாயங்கால அழுகை உச்சத்துக்குப் போகும். விளக்கு வைத்ததும் ஆரம்பித்து ஒன்பது மணி வரை, காரணமே தெரியாது. அப்போதுதான் "உரம் விழுந்துவிட்டது", அதாவது சுளுக்கிக்கொண்டது, என்று போர்வையில் போட்டு உருட்டச் சொல்வார்கள், வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது, "தொக்கம் எடு" என்று எங்கோ கூட்டிப்போகச் சொல்வார்கள். இரண்டும் வேண்டாம். பசி, ஈரம், வெக்கை, காய்ச்சல் பார், எதுவுமில்லை என்றால் மார்போடு சாய்த்து முற்றத்தைச் சுற்றி நட. மூன்று நான்கு மாதத்தில் தானாகவே அடங்கும். உனக்குப் பொறுமை அறுந்தால் பிள்ளையைப் படுக்கையில் பத்திரமாகப் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் திண்ணையில் போய் உட்கார். அழுவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, பிடித்து உலுக்கினால் ஆகும்.

உன் அழுகையும் இருக்கிறது. மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் கண் நிறைவது முக்கால்வாசிப் பேருக்கு வரும், இரண்டு வாரத்தில் போய்விடும். அதற்கு மேலும் தங்கி, பிள்ளையைப் பார்த்தால் ஒட்டாமல், பிள்ளை தூங்கியும் நீ தூங்க முடியாமல், 'நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு நல்லது' என்று நினைப்பு ஓடினால், அது பேய்ப்பிடியும் இல்லை, கொழுப்பும் இல்லை. மருந்து உள்ள நோய். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. இதை உன் வீட்டுக்காரருக்கும் சொல்லி வை. சனி ஞாயிறு வந்து பிள்ளையோடு போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவராக இருந்தால், ஒரு ராத்திரியாவது ஏப்பம் எடுக்கும் வேலையை அவரிடம் கொடு. மாப்பிள்ளை என்று உன் ஆத்தா தட்டில் பணியாரம் அடுக்கி உட்கார வைப்பார், நீ விடாதே.

பிள்ளை பார்க்க வருபவர்களை நிறுத்த முடியாது, முறை விட்டுப்போகும். வரட்டும், முகப்பில் உட்காரட்டும், காபி சாப்பிடட்டும். கை கழுவாமல் தூக்கவோ முத்தம் கொடுக்கவோ வேண்டாம் என்பதை அப்பத்தா வாயால் சொல்ல வை. நீ சொன்னால் படித்த திமிர், அவர் சொன்னால் சாங்கியம்.

பெயர் விஷயம்: பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும், ஆஸ்பத்திரியிலேயே செய்திருப்பார்கள், கேட்டுப் பார். பெயரைச் சேர்க்க ஒரு வருடம் வரை கட்டணமில்லை, அதனால் அவசரப்பட்டு எழுதிவிட்டுப் பிறகு அலையாதே. மூத்த பையனுக்கு அப்பாவழி ஐயா பெயரைத்தான் விடுவீர்கள். அது மாமனார் பெயர் என்பதால் வாயால் சொல்லாமல் 'தம்பி', 'ராசா' என்றே பள்ளிக்கூடம் அனுப்பின மருமகள்களை எனக்குத் தெரியும். ஊசி போடப் பெயர் கேட்டால் சிரித்துக்கொண்டே அட்டையைக் காட்டுவார்கள்.

இன்னொன்று, வெட்கப்படாமல் கேட்டுக்கொள். பால் கொடுக்கும்போது கரு நிற்காது என்பதை நம்பி, முதல் பிள்ளை தவழும் முன்பே அடுத்ததோடு வந்தவர்கள் உண்டு. சிசேரியன் தையலுக்கு இரண்டு வருட இடைவெளியாவது வேண்டும். ஆறாவது வாரப் பரிசோதனையில் நீயே கேள்.

உடனே கிளம்ப வேண்டிய நேரங்களை அறைக் கதவில் எழுதி ஒட்டு. பிள்ளை பால் குடிக்க மறுத்தால், மூச்சு வாங்கும்போது விலாவுக்குக் கீழ் குழிந்தால், உடம்பு 100.4 டிகிரியைத் தொட்டால் அல்லது சில்லிட்டால், மஞ்சள் உள்ளங்கால் வரை இறங்கினால், தொப்புளைச் சுற்றிச் சிவந்தால். மஞ்சளுக்கு வெயிலில் காட்டிக்கொண்டு நாள் கடத்தாதே. உனக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனைந்தால், காய்ச்சல், தையலில் சீழ், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், தலைவலியோடு கண் மங்கினால். 108ஐக் கூப்பிடு, நல்ல நேரம் பார்க்க வேண்டாம்.

அப்புறம் ஊசி. நாங்கள் 45ஆம் நாள், 75ஆம் நாள், 105ஆம் நாள் என்று சொல்வோம், அட்டையில் 6, 10, 14 வாரம் என்று இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை போடுவார்கள், இலவசம். நாற்பது முடியாமல் வெளியே போகக்கூடாது என்ற பேச்சு வந்தால் கவலையில்லை, 45 அதற்குப் பிறகுதான் வருகிறது. அன்று ராத்திரி காய்ச்சல் வரலாம், தொடை வீங்கலாம், செவிலியர் கொடுக்கும் சொட்டு மருந்தை எடைக்குத் தக்க அளவில் கொடு, ஐஸ் தேய்க்காதே. பிறந்தபோது இடது தோளில் போட்ட ஊசி சில வாரத்தில் கொப்புளமாகிச் சீழ் கோக்கும். அது வேலை செய்கிறது என்று அர்த்தம், பிதுக்காதே, மருந்து போடாதே. பெங்களூருக்கு எப்போது திரும்பினாலும் அந்த அட்டையைத் துணிமூட்டைக்குள் போடாமல் கைப்பையில் வை. மீதி ஊசியை அங்கேயே போடுவார்கள். உன் கணக்கு சரியென்றால் இன்றிலிருந்து முப்பத்து மூன்றாம் நாள் பிள்ளைக்கு 45ஆம் நாள். புதன் எதுவென்று காலண்டரில் இப்போதே வட்டம் போட்டு வை.